கேட்டதும் சொல்லாதீர்கள், நடந்தால் மறைக்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். படிக்காமலே ‘சூப்பர் டீச்சர்’ என்று போட்டுவிட்டுப் போனால், பேப்பரைத் திருத்தாமல் மார்க் போட்ட மாதிரி ஆகிவிடும்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு படிவம் சுற்றியது. வருகிற சந்திப்புக்கு ஒரு சிறிய மலர் போடலாம் என்ற நல்ல எண்ணத்தில் நம் பிள்ளைகள் தயார் செய்தது. அதில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கல்யாண நாள், வீட்டு முகவரி, செல்பேசி எண், பிள்ளைகள் பெயர், அவர்கள் படிக்கும் பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள். இரண்டு நாளில் 43 பேர் நிரப்பிவிட்டார்கள். நிரப்பிய அட்டவணை அப்படியே குழுவில் கிடந்தது.

ஏற்பாடு செய்யும் தம்பியைக் கூப்பிட்டு, “பேரு, ஊரு, என்ன வேலை, இது போதும்பா. மத்ததை எடுத்துடு” என்றேன். “நமக்குள்ளதானே டீச்சர்?” என்றான். நம் குழுவில் 212 பேர். அதில் யார் போன் தொலைந்தது, யார் போன் யார் கையில் இருக்கிறது, யார் எதை எந்தக் குழுவுக்கு அனுப்பினார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் உடனே புரிந்துகொண்டு அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டான். “டீச்சர் ஏன் வேண்டாம்னு சொன்னாங்க?” என்று பிறகு பலபேர் கேட்டதால் இந்தப் பதிவு.

ஒரு கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் மறந்துவிட்டால் சில இடங்களில் கேள்வி கேட்பார்கள். நீங்கள் முதலில் படித்த பள்ளி எது? தகப்பனார் பெயர் என்ன? பிறந்த ஊர் எது? உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்? நம் பக்கத்தில் இவற்றில் எது ரகசியம்? படித்த பள்ளியின் பெயர் நம் குழுவின் தலைப்பிலேயே இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை நாம் இனிஷியலாகச் சுமந்துகொண்டு அலைகிறோம். பிடித்த ஆசிரியர் என்ற இடத்தில் யாராவது என் பெயரைப் போட்டிருந்தால் மனசுக்கு சந்தோஷம்தான். ஆனாலும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில்தான் தரவேண்டும் என்று கட்டாயமில்லை. பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘கத்தரிக்காய்’ என்று கூடப் போடலாம், உங்களுக்கு நினைவிருந்தால் போதும். உங்கள் டீச்சர் பொய் சொல்லச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் துணை அதிபர் பதவிக்கு நின்ற சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். பெரிய கம்ப்யூட்டர் வித்தை எதுவும் செய்யவில்லை. பிறந்த தேதி, ஊரின் அஞ்சல் எண், கணவரை எங்கே சந்தித்தார் என்ற விவரம், இவை போதுமாக இருந்தன. எல்லாம் தேடினால் கிடைக்கும் செய்திகள். அத்தனை பாதுகாப்பு உள்ளவருக்கே இந்த நிலைமை.

பிறந்த தேதியைப் பற்றி இன்னொன்று. நம் ஊரில் என் வயதுக்காரர்கள் நிறைய பேருக்கு அது பள்ளியில் சேர்க்கும்போது, ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காகப் போட்ட தேதி. அம்மா சொல்லும் பிறந்தநாள் வேறாக இருக்கும். ஆனால் வங்கியிலும் ஆதாரிலும் இருப்பது பள்ளித் தேதிதான். அதனால் முகநூலில் வாழ்த்து வாங்குவதற்கு அம்மா சொன்ன தேதியை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வருஷம் இல்லாமல்.

“நான் என்ன மந்திரியா? என்கிட்ட என்ன டீச்சர் ரகசியம் இருக்கு?” என்று உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே.எஸ். புட்டசாமி என்பவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது நம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நம் வீட்டுக்குக் கதவு இருப்பது உள்ளே தப்புக் காரியம் நடப்பதால் இல்லையே. நம் விவரங்களுக்கும் அப்படி ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, கடவுச்சொல்லுக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போடுவோம், தூங்காதீர்கள்.

நான்கு இலக்க எண் என்றால் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 வாய்ப்புகள். ஆனால் நீங்கள் பிறந்த நாளும் மாதமும் வைத்தால் திருடன் முயல வேண்டியது 366 மட்டும். கல்யாண வருஷம் வைத்தால் நூறு கூட வராது. உங்கள் கல்யாண வருஷம் அவனுக்குத் தெரிந்திருந்தால் ஒன்றே ஒன்று. 10,000 அறைகள் உள்ள கட்டடத்தில் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தும், வாசல் திண்ணையில் வந்து உட்காருகிற கதை.

ஏடிஎம்மில் தப்பாக அழுத்திக்கொண்டே இருந்தால் அட்டை முடங்கிவிடும். அதனால் அங்கே நான்கு இலக்கம் தாக்குப்பிடிக்கிறது. மின்னஞ்சல், முகநூல் போன்றவற்றின் கதை வேறு. ஏதாவது ஒரு நிறுவனத்தின் பதிவேடு திருடு போனால், திருடன் அதை வீட்டில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை விட்டு கோடிக்கணக்கில் முயன்று பார்க்கலாம். அங்கே நம்மைக் காப்பாற்றுவது நீளம். சின்ன ஆங்கில எழுத்துகளை அர்த்தமில்லாமல் கலந்து எட்டு எழுத்தில் வைத்தால் சுமார் 20,882 கோடி வாய்ப்புகள். கம்ப்யூட்டருக்கு இது பெரிய எண் இல்லை. இன்னும் நான்கே எழுத்து கூட்டினால் 26-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். அதாவது 4,56,976 மடங்கு கூடுகிறது.

அர்த்தமில்லாத எழுத்தை யார் நினைவில் வைப்பது? அதற்குத்தான் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். தவளை, செங்கல், மோர், ஏணி என்பது போல, நம் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். தெரிந்த 5,000 சொற்களிலிருந்து கண்ணை மூடி நான்கை எடுத்தால் 6 கோடியே 25 லட்சம் கோடி வாய்ப்புகள். மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொண்டால் மறக்காது. நான் சொன்ன நான்கையே எடுத்து வைத்துவிடாதீர்கள், அது இப்போது ஊருக்கே தெரியும். அதே காரணத்துக்காகக் குறளின் முதல் வரியும் வேண்டாம், சினிமாப் பாட்டும் வேண்டாம்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். 2003-ல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக அப்படி வழிகாட்டுதல் எழுதியவர் பில் பர். ஓய்வு பெற்ற பிறகு 2017-ல், அதில் பெரும்பகுதியை நினைத்து வருந்துவதாக அவரே பேட்டியில் சொன்னார். ஏனென்றால் ஜனங்கள் மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்கினார்கள், அவ்வளவுதான். அதே நிறுவனம் அந்த ஆண்டே, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்கச் சொல்லுங்கள் என்று திருத்திக்கொண்டது. திருடு போன சந்தேகம் வந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம், ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். வீடு, பீரோ, வண்டி, கடை எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்திருப்பவன் ஒரு சாவியைத் தொலைத்தால் எல்லாம் போய்விடும். ஏதோ ஒரு துணிக்கடை இணையதளத்தில் கசிந்த உங்கள் கடவுச்சொல்லை, திருடன் முதலில் போட்டுப் பார்ப்பது உங்கள் மின்னஞ்சலில்தான். மற்றக் கணக்குகளை எல்லாம் மீட்கும் வழி மின்னஞ்சல் என்பதால் அதற்கென்று தனியாக ஒன்று கட்டாயம் வேண்டும்.

இத்தனையையும் எழுதி வைக்கலாமா என்றால், பெரியவர்கள் தாராளமாக ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். வலைவழியாக வரும் திருடனுக்கு உங்கள் பீரோ தெரியாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். ஏடிஎம் அட்டையின் உறையில் பின் எண்ணை எழுதுவது, போனில் ‘பேங்க்’ என்று பெயர் போட்டு எண்ணைச் சேமிப்பது, இரண்டும் கூடாது. இளையவர்கள் பாஸ்வேர்ட் மேனேஜர் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்கும் டெட்டுக்கும் விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய மின்னஞ்சல் பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல்லும் அவர் போட்டதுதான், பெயருக்குப் பின்னால் 123. அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே 123. வீட்டுக்கு வந்ததும் மாற்றினீர்களா? பிறகு ஜெராக்ஸ் கடை. ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி நகல் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம், அது அந்தக் கடையிலேயே கிடக்கிறது. நிற்கும்போதே அழிக்கச் சொல்லுங்கள். நகலின் குறுக்கே எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 12 இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரும் இருக்கிறது. ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு பூட்டும் போட்டுவிட்டு, கதவை நாமே உள்ளிருந்து திறந்துவிட்டால்?

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம், மற்றபடி எழுதுங்கள் என்று சொன்னதால் எழுதுகிறேன். பணி நிறைவு பாராட்டு விழாவுக்கு அவர் படம் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அழைப்பிதழ் முகநூலிலும் வந்தது. முழுப் பெயர், பள்ளி, ஓய்வு பெறும் தேதி எல்லாம் அதில் உண்டு. பணிக்கொடை கைக்கு வரப்போகிறது என்பதை அதிலிருந்தே யாரும் கணக்குப் போடலாம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு அவருக்குப் போன் வந்தது. கருவூலத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான். பெயர், கடைசியாக வேலை பார்த்த பள்ளி, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். “உங்க நேர்காணல் இன்னும் பதிவாகல டீச்சர். ஒரு மணிக்குள்ள முடிக்கலைன்னா இந்த மாசப் பென்ஷன் நின்னுடும். இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் படிங்க” என்றான். ‘யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று அந்தச் செய்தியிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. கண்ணாடி போட்டுப் படிக்க அவன் நேரம் தரவில்லை. ஆறு இலக்கத்தைப் படித்தார். பிறகு இன்னொன்று வந்தது, அதையும் படித்தார். 86,000 ரூபாய் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து வாங்க ஒரு வளையலை அடகு வைத்தார். மகனுக்குத் தெரியக்கூடாது என்று போன் வரும்போதெல்லாம் சிரித்துப் பேசினார். கடைசியில் என்னிடம் சொல்லும்போது, “காசு போனாக்கூடப் பரவால்ல டீச்சர். 34 வருஷம் ஊருப் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவளுக்கு இதுகூடத் தெரியலையான்னு கேட்டுடுவாங்களே” என்று அழுதார். அன்றைக்கே புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து, எடுத்தும் ஆகிவிட்டது.

இதே போன்ற ஒன்று, காய்கறிக் கடை வைத்திருக்கும் நம் பையன் ஒருவனுக்கும் நடந்தது. எட்டாவதோடு நின்றவன். ‘பணம் அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ள உங்கள் பின் எண்ணை அழுத்துங்கள்’ என்று ஒருவன் சொல்ல, அழுத்திவிட்டான். 12,000 ரூபாய் போனது. கடை வாசலிலேயே நின்று, “அய்யோ, என் காசை எடுத்துட்டான்” என்று சத்தம் போட்டான். பக்கத்து மெடிக்கல் கடைக்காரர் உடனே 1930-க்குப் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. பணம் போன கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, சில வாரம் கழித்து இவனுக்குத் திரும்பி வந்தது.

இரண்டு பேரும் ஏமாந்தவர்கள்தான். ஒருவர் வாயைத் திறக்கவில்லை, ஒருவன் கத்தினான். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெட்கம்தான் அந்த ஒன்பது நாளைத் தின்றது.

வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று உடனே பதில் சொல்ல வேண்டும். அது நல்ல பழக்கம், அந்த இடத்துக்கு உரிய பழக்கம். அதிகாரமாக ஒரு குரல் கேட்டால் நம் வாய் தானாகத் திறக்கிறது. திருடன் பிழைப்பது அந்தப் பழக்கத்தில்தான். அவன் பேச்சில் எப்போதும் மூன்று இருக்கும்: பயம், அவசரம், ரகசியம். பென்ஷன் நின்றுவிடும் என்பது பயம். ஒரு மணிக்குள் என்பது அவசரம். யாரிடமும் சொல்லாதே என்பது ரகசியம். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவனும் இதே பாடத்தைத்தான் படித்துவிட்டு வருகிறான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போனை வையுங்கள். பிறகு நீங்களாக அந்த அலுவலகத்துக்குப் போய், அல்லது உங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையான அலுவலகம் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அப்பா ஏமாந்துவிட்டால் “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் தப்பாக எழுதியபோது சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னோம், நினைவிருக்கிறதா? “சொன்னது நல்லதாப் போச்சும்மா, வா பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். முன்கூட்டியே, ஒன்றும் நடக்காதபோதே, “என்ன நடந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லு, திட்ட மாட்டேன்” என்று ஒரு வாக்குக் கொடுத்து வையுங்கள். எந்தக் கடவுச்சொல்லையும்விட அது பெரிய காவல்.

காசுக் கணக்கிலும் இது உண்மை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளரே எண்ணைச் சொல்லிப் போன பணம் அவர் தலையில் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்று இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இனி வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

1. மின்னஞ்சலுக்கு நான்கு சொல்லில் தனிக் கடவுச்சொல்.

2. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆறு இலக்கத்தை நண்பனே கேட்டாலும் அனுப்பாதீர்கள், கேட்பது நண்பனாக இருக்காது.

3. பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் எண் வேண்டும். பணம் வாங்க ஒருபோதும் வேண்டாம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள்.

4. கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, உங்கள் போனுக்குள் புகும் செயலி. தொடாதீர்கள்.

5. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள்.

6. 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

முடித்தவர்கள் கீழே ‘முடித்தேன் டீச்சர்’ என்று மட்டும் எழுதுங்கள். என்ன கடவுச்சொல் வைத்தீர்கள் என்று எழுதிவிடாதீர்கள். நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னால் மார்க் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
(வீட்டாருக்குப் பெரியம்மா)